அந்தத் துணி முடிச்சைத் தூக்கிப் போடாதே

கண்ணு,

போன வாரம் நீ அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை நானும் படித்தேன். ஓசூரில் லீவு சொல்லியாகிவிட்டது, பத்திரிகை அச்சாகிவிட்டதா, பெண் வீட்டிலிருந்து யார் யார் வந்து போனார்கள் என்றெல்லாம் எழுதிக் கேட்டுவிட்டு, கடைசியில் உன் கல்யாணத்துக்கு வண்டியைக் கழுவித் துடைத்து வைக்கச் சொல்லியிருந்தாய். அதோடு விட்டிருந்தால் நான் இந்தப் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். டேஷ்போர்டுப் பெட்டிக்குள் கிடக்கிற பழைய பாயிண்ட் குப்பையை எல்லாம் துணியோடு தூக்கிப் போட்டுவிடுங்கள், பொண்ணு மாப்பிள்ளை வருகிற வண்டியில் எண்ணெய்த் துணி எதற்கு என்று ஒரு வரி சேர்த்திருந்தாய். அப்பா அதைப் படித்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் மோட்டார் போடப் போகிறேன் என்று கிணற்றுப் பக்கம் போய்விட்டார். கரண்ட் அப்போது இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதனால் இந்த முறை பதிலை நானே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரியும், நான் எழுதுகிற கடிதத்தை ஒட்டாமல் மேசை மேல் வைப்பதுதான் நம் வீட்டு வழக்கம். அப்பா அதை எடுத்துப் படித்து, அடியில் தன் பங்குக்கு இரண்டு வரி எழுதி, ஒட்டி, நாமக்கல் போகும்போது தபாலில் போடுவார். இதையும் அப்படித்தான் வைக்கப் போகிறேன். அவருக்குத் தெரியாமல் எழுத வேண்டும் என்றால் என்னால் முடியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்தால் போட்டுவிடுவாள். அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை. இதில் இருப்பது அவரைப் பற்றியும்தான், அவரும் படிக்கட்டும்.

அந்த வண்டி என் கல்யாணத்துக்கு என் அப்பா கொடுத்தது. கறுப்புச் சீமை வண்டி, இங்கிலாந்துக் கார், கொடுக்கும்போதே பழசு. சேலம் ஜில்லாவில் அது நிற்காத புளியமரம் கிடையாது. எல்லாம் பாயிண்டால் வந்த வினை. எஞ்சின் பக்கத்தில் இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் டப்பாவுக்குள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகுகிற இரண்டு சின்ன உலோக முனைகள், அவ்வளவுதான் அது. ஒவ்வொரு முறை விலகும்போதும் எஞ்சினுக்கு ஒரு பொறி. அப்படி விலகி விலகியே கருகிப் போகும். வண்டி இருமத் தொடங்கும், அப்பா ஓரம் கட்டுவார். தீப்பெட்டியின் உரசுகிற பட்டையைக் கிழித்து முனைகளைத் தேய்ப்பார். பிறகு இடைவெளி சரியா என்று பார்க்க ஒரு கல்யாணப் பத்திரிகையின் மூலையைக் கிழித்து நடுவில் விட்டுப் பார்ப்பார். அந்தக் காலத்தில் நம் வீட்டுக்கு வந்த பத்திரிகைகளில் நான்கு மூலையும் முழுதாக இருந்தது எதுவுமில்லை. உன் பத்திரிகையையாவது விட்டு வைப்பாரா என்று பார்க்க வேண்டும்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தேர்க் கூட்டத்திலோ சினிமாக் கொட்டகையிலோ வண்டியை நிறுத்தினால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கிற ரோட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு, தலையில் ஒரு பித்தளைத் தகடு. அதுதான் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கு வைக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. சாவியே கையில் இருந்தாலும் எவனும் வண்டியை நகர்த்த முடியாது. பெட்ரோல் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் செய்ததுதான் இது, பூட்டைவிட நம்பகமானது என்பார்கள்.

இப்போது உன் அக்காவிடம் வருகிறேன். மல்லிகாவைக் கட்டிக்கொடுத்து இரண்டாவது பொங்கலுக்கு அவள் வந்திருந்தாள். உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன். வலது பக்கமிருந்து பேசினால் பதில் வரவில்லை. இடது பக்கம் சாய்ந்து கேட்டால் பதில் சொன்னாள். "காதுக்கு என்ன சாமி" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்கம்மா, தலைக்குத் தண்ணி வாத்தப்ப உள்ள போயிருச்சு" என்றாள். காது மடலுக்குப் பின்னால் விரல் வைத்தேன். அவள் உடம்பே சுருண்டது. அன்று மாலையே மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் நான் மட்டும் பஸ் ஏறி ஆட்டையாம்பட்டி போனேன். கிணற்றடியில் இருவரும் தனியாக இருந்தபோதுதான் சொன்னாள். மாப்பிள்ளை அறைந்தது ஒரு முறை இல்லை. சோற்றில் உப்பு, கேட்ட உடனே கதவைத் திறக்காதது, சிரித்தது, எல்லாவற்றுக்கும் அறை.

"எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிருங்கம்மா" என்றாள். "நானாப் பொறப்பட்டா விட மாட்டாங்க. சண்டைக்கு வந்தாலும் விட மாட்டாங்க. நோம்பிக்கு அழைக்கற மாதிரி மொறையா வெத்தல பாக்கோட வாங்க. வண்டியோட வாங்க. பஸ்ஸுக்கு நடந்து போறதுக்குள்ள மனசு மாத்திப் போடுவாங்க." வண்டியோட வாங்க என்று அவள் சொன்னது எனக்கு அன்று முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பங்குனியில் நம் ஊர் மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா. பெண்ணை நோம்பிக்கு அழைக்க வருகிற பெற்றவர்களை ஊர் பார்க்க எந்தச் சம்பந்தியும் மறுக்க முடியாது. ஒரே ஒரு தடவைதான் அந்த வாய்ப்பு வரும். அதில் தவறினால் அவளுடைய இன்னொரு காதும் போகும் என்று நான் நம்பினேன்.

விஷயத்தை அப்பாவிடமும் உன்னிடமும் ஒரே நேரத்தில்தான் சொன்னேன். நீ அப்போது சேலத்தில் படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாய். நீ எழுந்து போய் வண்டியின் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றாய். பிறகு சொன்னாய், "பாயிண்ட நம்பி அவங்க வாசல்ல போய் நிக்க முடியாதுங்கப்பா. எலக்ட்ரானிக் பொட்டி மாட்டிரலாமுங்க." கோயம்புத்தூரில் ஒரு தோழன் அதைச் செய்து விற்கிறான் என்றாய். பாயிண்டை அடியோடு எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்னக் கண்ணை வைப்பார்கள், அது பார்த்துச் சொல்லும், டிரான்சிஸ்டர் பொறியைக் கொடுக்கும், தொடுவதும் இல்லை கருகுவதும் இல்லை என்று எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாய்.

அப்பாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "பாயிண்டு சாகறதுக்கு முன்னால இருமும்டா. நமக்கு ஒரு சாடை காட்டும். உன்ற பொட்டி சொல்லாமக் கொள்ளாமச் சாகும். அப்ப எதை எடுத்துத் தேய்ப்ப?" என்றார். நீயும் குரலை உயர்த்தினாய். இருவரும் ஆளுக்கொரு பக்கம் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தால் வண்டியைப் பாகம் பிரிக்கிற மாதிரி இருந்தது. எனக்கு அன்று அப்பா சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. என் பெண் இருமவே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் உள்ளுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தாள். ஆனால் பாயிண்டை நம்பியும் போக முடியாது. "வண்டி எங்கப்பன் குடுத்தது. நான் சொல்றேன், மாத்து" என்றேன். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கழற்றுகிற எதையும் எறியக்கூடாது, ஒரு துணியில் முடிந்து டேஷ்போர்டுக்குள் வைக்க வேண்டும். நீ முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தாய்.

முதல் தடவை என்ன ஆயிற்று என்று உனக்கு நினைவிருக்கும், உனக்கு வரப்போகிற பெண்டாட்டியிடம் அதைச் சொல்ல மாட்டாய் என்றும் தெரியும். இந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் பக்கம்தான் வண்டி உடம்போடு சேர்ந்திருக்கும். நம்முடைய கிழட்டுச் சீமை வண்டியில் பிளஸ் பக்கம். முனைகளில் குறி போட்டுத்தான் இருந்தது, ஆனால் ஆயுத பூஜை தவறாமல் நான் அப்பிய சந்தனமும் குங்குமமும் அதை மூடியிருந்தன. நீ வழக்கப்படி இணைத்துச் சாவியைத் திருப்பினாய். பெட்டியிலிருந்து மெல்லப் புகை வந்தது. அப்பா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார், அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. நீ மறுபடி கோயம்புத்தூர் போனாய். திரும்பி வந்து பேட்டரி வயர்களை மாற்றிப் போட்டு, டைனமோவையும் அதற்கேற்றபடி பழக்கி, புதுப் பெட்டியை மாட்டினாய். பழைய ரோட்டரின் பித்தளை ஓரம் கருகி ஒரு மூலை சில்லு போயிருந்தது, அதனால் புது ரோட்டரும் போட்டாய். இந்த முறை எஞ்சின் ஓடும்போது மட்கார்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாய். தளும்பவில்லை. நான் உள்ளே படுத்திருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் பார்த்துவிட்டு அந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

அழைக்கப் போன அன்று வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. ராசிபுரம் தாண்டி வெண்ணந்தூர் வழியாகப் போனோம். வண்டி ஒரு இடத்தில்கூட இருமவில்லை. அப்பாவுக்கு அதுவே பயமாக இருந்தது, காதைக் கதவோரம் வைத்துக்கொண்டே ஓட்டினார். நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்ப்பதற்காக இரண்டு முறை நிறுத்தச் சொன்னாய். நான் பின்னால் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக எப்படிப் பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

அங்கே எல்லாம் முறையாகத்தான் நடந்தது. வெற்றிலை பாக்கு வைத்தோம், நோம்பிக்கு அழைத்தோம், சம்பந்தியும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சரி என்றார்கள். சாப்பிட உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை எங்களோடு உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து, "ஒரு சோலி, இதா வாரேனுங்க" என்று வெளியே போனார். மல்லிகா பரிமாறினாள். அவள் ஊற்றிய ரசம் கொஞ்சம் என் இலைக்கு வெளியே சிந்தியது. நான் வேகமாகச் சாப்பிட்டேன், ருசி எதுவும் நினைவில்லை. பிறகு அவள் ஒரு சின்னப் பையோடு வந்தாள். நோம்பிக்குப் போகிறவள் அதற்கு மேல் எடுக்க முடியாது. நான் பின்சீட்டில் ஏறினேன், அவள் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். அவளுடைய கேட்கிற காது என் பக்கம், கேட்காத காது அவர்கள் வீட்டுப் பக்கம்.

அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். நல்ல வேகமாகத்தான் சுற்றுகிறது, ஆனால் ஒரு உறுமல்கூட இல்லை. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்னால் ஒரு நாள் கேட்டிருக்கிறேன். எங்கே என்று பிறகு சொல்கிறேன். மூன்றாவது முறை திருப்பும்போது அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் வேலியோரம் வந்து நின்றுவிட்டார்கள். சம்பந்தி அம்மா மல்லிகா பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்தார்.

"வண்டியே பொறப்பட மாட்டீங்குது பாருங்க. சகுனத் தடைங்க. எறங்கி உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டு, சித்த உக்காந்துட்டுப் போங்க."

அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. கிளம்பும்போது தடங்கல் வந்தால் உள்ளே போய்த் தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிட்டுப் புறப்படுவது நாமும் செய்வதுதான். நானே எத்தனை பேரைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் அன்று வியாழக்கிழமை. இறங்கினால் தண்ணீர் வரும், பிறகு ராகு காலம் வரும், பிறகு மெக்கானிக்கைத் தேட ஆள் போவான், பொழுது சாயும், நாளைக்குப் போகலாம் என்பார்கள். மறுநாள் வெள்ளி, வெள்ளிக்கிழமை எந்த வீட்டிலும் பெண்ணை வெளியே அனுப்ப மாட்டார்கள். அதற்குள் இவள் மனதை எத்தனை பேர் எத்தனை விதமாகப் பிடிப்பார்கள். அப்பா கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். சகுனம் என்ற சொல் அவரைப் பிடித்துவிட்டது. "ஏனுங்க, நீங்க ரெண்டு பேரும் எறங்கிப் பாருங்க. நாங்க உள்ளயே இருக்கறோம்" என்று நான் சத்தமாகச் சொன்னேன்.

பானெட்டைத் திறந்தீர்கள். அப்பா உன் முகத்துக்கு நேராக, எல்லோர் முன்னாலும் சொன்னார். "பாயிண்டு இருந்திருந்தா ஒரு தேய் தேச்சுட்டுப் போயிருப்பன். பொட்டி, பொட்டின்னு குதிச்சயே, இப்பத் தேய்டா." உன் காது மடல்கள் சிவந்ததை நான் என் பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. முதல் பெட்டி புகைந்தது உன் கண்ணில் நின்றிருக்கும். சம்பந்தி அம்மா இன்னும் குனிந்தபடி, "ஏஞ்சாமி மல்லிகா, வெயில்ல உக்காந்துக்கிட்டு. நீயாச்சும் எறங்கு கண்ணு" என்றார். மல்லிகா திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவள் முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காத காது அந்தப் பக்கம் என்று அந்த அம்மாளுக்கும் தெரியும், யாரால் அப்படி ஆனது என்றும் தெரியும். அதனால் மூன்றாவது தடவை கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. மல்லிகாவின் கை மட்டும் என் கையைப் பிடித்திருந்தது, வளையல் அழுந்தி எனக்கு வலித்தது.

நீ பொறியை உண்டாக்குகிற காயிலிலிருந்து வருகிற தடித்த வயரை மூடியிலிருந்து பிடுங்கி, எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அப்பாவைச் சாவி திருப்பச் சொன்னாய். அவர் வெளியே நின்றபடியே கையை உள்ளே விட்டு வேண்டாவெறுப்பாகத் திருப்பினார். அந்த வெயிலிலும் தெரிகிற மாதிரி நீலமாகப் பொறி பாய்ந்தது, டக் டக்கென்று ஒழுங்காக. "பொட்டி நல்லாத்தான் இருக்குதுங்கப்பா" என்றாய். பொறி வருகிறது, ஆனால் பிளக்குக்குப் போகவில்லை. ஏன் என்று நீ வயர்களைத் தடவிக்கொண்டிருந்தாய். மாப்பிள்ளை எங்கிருந்தோ வந்து, "நாஞ்சொல்றனுங்க, எல்லாரும் எறங்கி உள்ள இருங்க. நாம் போயி மெக்கானிக்கக் கூட்டியாரேன்" என்றார். ஒரு கை அவருடைய சட்டைப் பையில் இருந்தது. பேசும்போதும் அதை வெளியே எடுக்கவில்லை.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். பிறகு உன் அப்பாவைப் பார்த்தேன். அவரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்தது, வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. என் பக்கம் ஒரு நொடி திரும்பினார், என் கண்ணைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். "மூடியக் கழட்டிப் பாரு சாமி" என்று உன்னிடம் மெதுவாகச் சொன்னார்.

நீ கழற்றினாய். உள்ளே ரோட்டர் இல்லை. நீ நிமிர்ந்தபோது உன் வாய் கத்துவதற்குத் திறந்துவிட்டது. அப்பா உன் தோளை அழுத்திப் பிடித்தார். அந்த இடத்தில் ஒரு சொல் தடித்திருந்தால் சண்டை வந்திருக்கும், வேலியோரம் நின்றவர்கள் உள்ளே வந்திருப்பார்கள், வண்டி அங்கேயே நிற்க, அவள் இறங்க வேண்டியிருந்திருக்கும். "பேசாத" என்றார் உன்னிடம். என்னைப் பார்த்து, "அந்தத் துணி முடிச்ச எடு" என்றார். நான் முன்சீட்டுக்கு மேல் எக்கி டேஷ்போர்டைத் திறந்தேன். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். பாயிண்ட், அதோடு சேர்ந்த கண்டன்சர், அடியில் அந்த மூலை சில்லு போன பழைய ரோட்டர். நீ அதை வாங்கிச் செருகி, மூடியைப் போட்டு, கிளிப்புகளை அழுத்தினாய். அதற்குள் பேட்டரி இளைத்திருந்தது. அப்பா திருப்பினார். எஞ்சின் இழுத்து, இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, பிடித்துக்கொண்டது.

அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "மாப்ள, உங்க பையில இருக்கறத நீங்களே வெச்சுக்குங்க. எங்ககிட்ட இன்னொண்ணு இருந்துச்சு" என்றார். கேட் தாண்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. வெண்ணந்தூர் வந்த பிறகுதான் மல்லிகா என் கையை விட்டாள். "அத்தை கூப்பிட்டது எல்லாம் கேட்டுச்சுங்கம்மா" என்றாள். "செவிட்டுக் காதுதான், ஆனா அவ்வளவு பக்கத்துல கத்துனா கேக்கும். எறங்கக் கூடாதுன்னுதான் கேக்காத மாதிரி இருந்தேன்." நீ முன்சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாய், உன் தோள் குலுங்கியது.

இது வரைக்கும் உனக்குத் தெரிந்த கதை. தெரியாதது இனிமேல்தான். நீ தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது என் அம்மா படுக்கையில் விழுந்தாள். அப்போது உன் அப்பாவுக்கும் என் அண்ணனுக்கும் ஒரு வாய்ச்சண்டை நடந்து பேச்சுவார்த்தை இல்லை. அந்த வீட்டு வாசலை நாங்கள் யாரும் மிதிக்கக் கூடாது என்று உன் அப்பா சொல்லியிருந்தார். அம்மா என்னைப் பார்க்கக் கேட்கிறாள் என்று அண்ணன் ரோஷத்தை விட்டுப் பஸ்ஸில் வந்தான். வண்டியைக் கொடுங்கள், நானே ஓட்டித் தங்கச்சியைக் கூட்டிப் போகிறேன் என்றான். உன் அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் உன்னைக் கூட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். எஞ்சின் வேகமாகச் சுற்றியது, உறுமல்கூட இல்லை. அண்ணன் பாயிண்டைத் தேய்க்கலாம் என்று மூடியைக் கழற்றப் போனபோது உன் அப்பா, அவன் கை வண்டியில் படக்கூடாது என்று சத்தம் போட்டார். சகுனம் சரியில்லை, எறங்கித் தண்ணி குடி, நாளைக்குப் போலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் இறங்கினேன். தண்ணீர் குடித்தேன். அண்ணன் கடைசிப் பஸ்ஸுக்குப் போய்விட்டான். பொழுது இருட்டுவதற்கு முன் துவைக்கலாம் என்று உன் அப்பாவின் சட்டையை எடுத்தேன். பையில் ரோட்டர் இருந்தது. கறுப்புத் துண்டு, பித்தளைத் தலை, ஒரு மூலை சில்லு போயிருந்தது.

அதை அப்படியே பையில் வைத்துச் சட்டையைக் கொடியில் மாட்டினேன். மறுநாள் வண்டி ஒழுங்காகக் கிளம்பியது, அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது என் அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். என்ன சொல்ல வைத்திருந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்காக உன் அப்பாவை நான் வெறுத்தேனா என்றால், ஆமாம், சில வருஷம் வெறுத்தேன். வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாரோ என்ற பயம்.

மல்லிகாவைக் கூட்டிவந்த மறுவாரம் நீ சேலத்தில் வேறொரு புது ரோட்டர் வாங்கி மாட்டினாய். பழையதைக் கழற்றி வைத்திருந்தாய். அப்பா அதை எடுத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார். "இது உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். எனக்குத் தெரியும் என்று அவருக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது, இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், நீ நல்லவன். பிள்ளையைப் பற்றித் தாய் சொல்வது என்று தள்ளிவிடாதே, யோசித்துத்தான் சொல்கிறேன். உன் அப்பாவும் நல்லவர்தான். என் மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. கெட்டவன் பெண்டாட்டியின் காதில் அறைகிறான், அது வெளியே தெரிந்துவிடும், நாலு பேர் கேட்பார்கள். நல்லவன் ரோட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சகுனம் சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தானே தண்ணீர்ச் சொம்பையும் நீட்டுகிறான். உனக்கு அப்பாவின் ரோஷம் அப்படியே வந்திருக்கிறது. ஈயம் வைக்கிற சால்டரிங் பிடிக்காவிட்டால் நீ கம்பியை வீசி எறிந்ததை நான் பார்த்திருக்கிறேன். உனக்கும் ஒரு நாள் கை அந்த மூடிக்குப் போகும். எனக்கு அந்த நாளை நினைத்துத்தான் பயம், வேறு எதற்கும் இல்லை.

அதனால் சொல்கிறேன். வருகிற பெண்ணுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடு. மல்லிகாவுக்கு நீதானே கற்றுக்கொடுத்தாய், இன்று அவள் ராசிபுரம் சந்தைக்கு அந்த வண்டியில்தான் போய் வருகிறாள். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் செய்கிற இணைச்சீருக்கு உனக்கு அவள்தான் உட்காரப் போகிறாள், பெண்ணழைக்க வண்டி ஓட்டப் போவதும் அவள்தான், புருஷனை விட்டு வந்தவள் என்று முணுமுணுக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வருகிறவளுக்கு மூடியைக் கழற்றிக் காட்டு, எது எங்கே இருக்கிறது, எது இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும். அந்தத் துணி முடிச்சு டேஷ்போர்டிலேயே கிடக்கட்டும். உன் பெட்டி இத்தனை வருஷமாக நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் அது சொல்லாமல் சாகும் என்று உன் அப்பா சொன்னதும் பொய்யில்லை. அவள் எங்கே போக வேண்டும் என்றாலும் போகட்டும். போக முடியும் என்று தெரிந்தும் அவள் உன்னோடு இருக்கிறாள் என்றால் அதுதான் இருப்பது. நான் இருந்ததற்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு.

அந்தப் பழைய ரோட்டரைக் காகிதத்தில் சுற்றி இதோடு வைக்கிறேன். தாலி கட்டி முடித்து வண்டியில் ஏறுவதற்கு முன் அவள் கையில் கொடு. இது எதற்கு என்று கேட்பாள், இந்தக் கடிதத்தைக் கொடு. இப்போது உறையை ஒட்டாமல் மேசை மேல் வைத்துவிட்டு நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன். இது உன் கைக்கு வந்தால் அப்பா படித்துவிட்டு அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். பிரித்ததும் ரோட்டர் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால், ஊருக்கு வந்ததும் அவருடைய சட்டைப் பையில் தேடு.

அம்மா

தம்பி, அம்மா எழுதியது எல்லாம் நிஜம். அவள் கையில் அதைக் கொடுத்தபோது நான் சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. பதிவுத் தபாலில் போடுகிறேன். ரோட்டர் உள்ளே இருக்கிறது, பார்த்துப் பிரி.

அப்பா